பழைய கைத்துப்பாக்கியும் புதிய கையும்

கைத்துப்பாக்கி என்னுஞ் சொல்லைத் தலைப்பிலே கண்டவுடன் அன்பர் சிலர் அடுத்த கட்டுரைக்குத் தாண்டிவிட எண்ணுதல் கூடும். அவர்களைக் குறை கூறோம். கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் கடல் கடந்து எழுதியபோது அவர் எதிர்பார்த்தது பழைய ஆசிரியர்களையும் விளையாட்டு மைதானத்தையும் விடுதிச் சோற்றையும் பற்றிய நினைவுகளையே ஆதல் வேண்டும். அவை பற்றி எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். யாமோ சில காலமாக எமது சனிக்கிழமைப் பிற்பகல்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை உள்ளவாறு எழுதத் துணிந்தோம். எமக்கு மூத்த பழைய மாணவர்களுள் மாணவர் படையிற் சேர்ந்து .303 துவக்குப் பிடித்தவர்கள் உளர். இதிலே குற்றங் காண உரிமையுடையோர் அவர்களே.

யாம் வாழ்வது சுவிற்சர்லாந்து தேசத்திலே பேர்ண் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். 1989 ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தோம். அடுத்த வசந்த காலத்திலே ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே மலைச்சரிவின் பக்கமிருந்து வெடியோசை எழுந்தது. ஒன்றன்று, பத்து, இருபது, பின்னர் எண்ணில் அடங்காதன. யாம் ஒரு மதிலோரமாகக் குந்திவிட்டோம். எதிர்வீட்டு முற்றத்திலே துணி உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டியார் வெடி வந்த திசையைத் திரும்பியும் பார்த்தாரல்லர். எம்மையே வியப்போடு பார்த்தார்.

காரணம் பின்னரே விளங்கிற்று. அந்நாட்டிலே படை என்பது பெரும்பாலும் குடிமக்களாலாயது. ஆசிரியரும் தச்சரும் வங்கி எழுதுவினைஞரும் இளமையிற் பயிற்சி பெற்று, தமது துவக்கை வீட்டிலே வைத்திருந்து, ஆண்டுதோறும் குறித்த கடமைச் சூட்டை ஊர்ச் சங்கத்திலே சுட்டு நிறைவேற்றுவர். ஆதலால் எம்மூரிலே வாசிகசாலையும் கோவிலும் போல அங்கு ஊர்தோறும் சுடுநர் சங்கமும் சுடுகளமும் உள. மே மாதக் கடைசியிலோ யூன் தொடக்கத்திலோ நாடு முழுவதும் 'ஃபெல்ட்ஷீசன்' என்னும் சூட்டுவிழா நடைபெறும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் பங்குபற்றுவர். கிழவர், குமரியர், தந்தையும் மகனும் என அனைவரும் வருவர். சுட்டு முடிந்ததும் பொரித்த இறைச்சியும் பியரும். எம் போன்ற சைவபோசனக்காரருக்கு உருளைக்கிழங்குச் சலாதும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும்.

யாம் அவ்விழாவை வேலிக்கு வெளியே நின்று பார்த்த காலமே நெடிது. அந்நாட்டின் ஆயுத விதிகள் சில நாட்டுப் பிரசைகள் துவக்கு வாங்குவதையும் சுடுவதையும் தடைசெய்திருந்தன. அப்பட்டியலிலே இலங்கையும் இருந்தது. இதனை ஓர் அவமதிப்பாகக் கருதிய நண்பர் பலர். எமக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. வாங்கும் எண்ணமிருந்தாலன்றோ தடை உறுத்தும்? 2006 இல் எமக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அதன் பின்னரும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சுடுகளத்தின் வாயிலை மிதித்தோமில்லை. வேலைத்தலத்து நண்பர் ஒருவர் ஓயாது அழைத்ததனாற் 2022 இல் ஒரு நாள் போனோம். இரவற் கைத்துப்பாக்கி ஒன்றால் ஐந்து ரவைகள் சுட்டோம். வீடு திரும்பிய பின்பும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்நடுக்கம் எத்தகையது என்று அறிந்துகொள்ளும் ஆவலே எம்மை மறுபடியும் அங்கு இட்டுச்சென்றது என்று இப்போது எண்ணுகின்றோம்.

அடுத்த ஆண்டு சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்தோம். அதற்கு மாநிலப் பொலிசாரிடம் கொள்வனவுப் பத்திரம் பெறல் வேண்டும். குற்றப் பதிவேட்டைப் பார்த்த பின்னரே தருவர். பத்திரம் ஆறு மாதத்திற்குச் செல்லும். எமக்குத் தமது துப்பாக்கியை விற்றவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். இளமையிற் படையதிகாரியாயிருந்தவர், கைமூட்டு வாதத்தினாற் சுடுவதை விட்டுவிட்டார். விலையை எழுதோம். எமது மனைவியார் இம்மலரைத் தவறாது வாசிப்பவர்.

மனைவியார் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லல் ஆகாது. துவக்கு என்பதைக் கண்ணாற் காணவும் விரும்பாதவர் அவர். காரணத்தை இங்கு விரித்தல் வேண்டா, எம்மூரார் அறிவர். "உங்களுக்கு இந்த வயதில் இது எதற்கு?" என்று ஒருமுறை கேட்டார். தக்க விடை எம்மிடம் இருக்கவில்லை. பல நாள் மௌனத்தின் பின் நிபந்தனைகளோடு இசைந்தார். அது நிலவறையின் இரும்புப் பெட்டகத்தை விட்டு வீட்டின் வேறெப்பகுதிக்கும் வரலாகாது. ரவைகள் வேறு பூட்டிலே இருத்தல் வேண்டும். பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாளிலே அதைப் பற்றிய பேச்சும் கூடாது. முதலிரண்டும் சட்டத்தின் கருத்துக்கும் ஒத்தனவே. மூன்றாவதை இன்றுவரை காத்து வருகின்றோம்.

துப்பாக்கியின் வரலாறு சுவையானது. றைன் நதி வீழ்ச்சிக்கு அருகே நொய்ஹவுசன் என்னும் ஊரில், 1853 இல் புகையிரதப் பெட்டிகள் செய்யத் தொடங்கிய ஒரு கம்பனி பின்னர் துவக்குகளும் செய்யலாயிற்று. பெயரின் முதலெழுத்துக்களால் அதனைச் 'சிக்' என்பர். சார்ள்ஸ் பெற்றர் என்னும் சுவிஸ் நாட்டவர் பிரான்சிலே வகுத்த 1935 ஆம் ஆண்டு அமைப்பின் உரிமையை அக்கம்பனி பெற்று, உலக யுத்தக் காலமெல்லாம் திருத்தித் திருத்திச் செய்து முடித்ததே இது. 1949 இல் சுவிஸ் படை இதனை ஏற்றுக்கொண்டது. டென்மார்க்குப் படையும் ஏற்றது. 1975 இல் மலிவான வேறோர் அமைப்பு இதன் இடத்தைப் பிடித்தது. நன்றாய்ச் செய்வதற்கு மிகுந்த பணம் வேண்டியிருந்தமையே இதன் குறை! எமக்குக் கிடைத்ததிலே, சேவை முடிந்து சொந்தக்காரருக்கே உரியதாக்கப்பட்டமைக்கு அடையாளமாக 'பி' என்னும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எட்டு ரவை கொள்ளும். நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். ஓர் இறாத்தற் பாண் இரண்டைக் கைநீட்டிப் பிடித்திருப்பதிலும் சற்றுக் கூட என்று கொள்க.

பிறர் அணிந்த செருப்பிலே காலிடுவது போன்றது பிறர் பழகிய துப்பாக்கியிலே கையிடுவது. கைப்பிடியின் மரத்தட்டுகளிற் கீறியிருந்த கோடுகள் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாயிருந்தன. அவ்விடத்திலேதான் முன்னவரின் நடுவிரல் நாற்பது ஆண்டு கிடந்தது போலும். எமது விரலோ அதற்கு ஒரு நெல்லளவு கீழே விழுந்தது. மேலும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் நழுவியோடும் மேற்பகுதி உடலைக் கவ்விக்கொண்டு வெளியே நிற்கும். இதிலோ உடலே மேற்பகுதியைக் கவ்வி நிற்கின்றது. ஆட்டமின்றி ஓடுவதற்கு அது நன்று. ஆனாற் பின்னுக்கு இழுப்பதற்குப் பிடி கிடைப்பது அரிது. ரவைக்கூட்டை விடுவிக்கும் கொளுவி கைப்பிடியின் அடியிலே இருப்பதால் இரு கையும் வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது குதிரை. துவக்கின் பின்புறத்தே மடங்கி எழும் உறுப்பை நம் முன்னோர் குதிரை என்றனர். இக்குதிரை கடிக்கும் குதிரை. கையைச் சற்று உயர்த்திப் பிடித்தால், மேற்பகுதி பின்னே பாயுந்தோறும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தோலைக் கிள்ளிவிடும். முதல் மூன்று வாரமும் அவ்விடத்திலே ஒட்டுத்துணியோடு வேலைக்குப் போனோம். மனைவியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சங்கத்துப் பயிற்றுநருக்கு எழுபத்தைந்து வயது. சங்கத்திற் சேர்ந்த நாள் முதல் எவரும் எவரையும் 'நீ' என்றே விளிக்க வேண்டுமென்பது அங்கு வழக்கம். தந்தையார் வயதினரை நீ என்பதற்கு எம் நா எழவில்லை. எம்மூர் 'நீர்' அந்த மொழியில் இருந்திருக்குமாயின் எவ்வளவோ உதவியாயிருக்கும்! பல மாதம் முன்னிலைச் சொல்லே வாராதபடி வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசி ஒப்பேற்றினோம்.

அவர் முதல் நாளிலே ஒரு ரவையும் தரவில்லை. வெறுந் துப்பாக்கியைப் பல முறை எடுப்பித்து வைப்பித்தார். குழாய் எப்போதும் இலக்குப் பக்கமே நோக்கியிருக்க வேண்டும்; வைக்கும்போது ரவைக்கூடு வெளியே, மேற்பகுதி திறந்தபடி, உள்ளே ஒன்றுமில்லை என்பது பக்கத்திலிருப்பவருக்கும் தெரிய வேண்டும்; எவரேனும் இலக்குப் பலகைக்கு அருகிற் சென்றிருக்கையில் எவரும் எதையும் தொடலாகாது. 'என்ட்லாடன்', அதாவது வெறிதாக்குக, என்னும் கட்டளை எழுந்தவுடன் நீதவானும் பால்காரரும் ஒருங்கே கீழ்ப்படிவர். கோவில் மூலஸ்தானத்துக்கு வெளியே இத்துணை ஒழுங்கை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாம் நாள், இருபத்தைந்து மீற்றர்த் தூரத்தில் இலக்கு. அதன் நடுவட்டம், பத்துப் புள்ளிக்கு உரியது, ஐந்து சென்ரிமீற்றர் அகலம். சிறுவயதிலே பாடப்புத்தகத்திற் படித்த துரோணரின் சோதனை எமக்கு நினைவில் வந்தது. மரம் தெரிகிறதா, கிளை தெரிகிறதா என்று கேட்க, பறவையின் கண் ஒன்றே தெரிகிறது என்றான் அருச்சுனன். அவ்வாறே கறுப்பு வட்டத்தின் நடுவை உறுத்து நோக்கிச் சுட்டோம். ஐந்து ரவையும் ஐந்து திசை.

பயிற்றுநர் சொன்னது நேர் மாறு. பறவையைப் பாராதே, அம்பின் நுனியைப் பார் என்றார், தம் மொழியில். முன்குறி மட்டும் கத்தி வெட்டினாற்போலத் துலங்க வேண்டுமாம். பின்குறி சற்று மங்கலாகலாம். இலக்கு ஒரு கறுப்புப் புகைபோலத் தெரிந்தாற் போதுமாம். எமக்கு இது நம்பத்தக்கதாய்த் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். (கல்லூரியிற் படித்த வடிவொத்த முக்கோணிகள் வாழ்விற் பயன்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவே.) முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 165 மில்லிமீற்றர். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று ஒரேயொரு மில்லிமீற்றர் பிசகினால், இருபத்தைந்து மீற்றருக்கு அப்பாற் பிசகு 150 மில்லிமீற்றராகும். பத்துக்குப் போக வேண்டிய சன்னம் ஐந்துக்குப் போய்விடும். ஆனாற் குறிகள் இரண்டும் ஒத்திருக்க, கை முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் அசைந்தாலோ, சன்னமும் ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே விலகும். ஆகவே கை ஆடுகின்றதே என்று கவலையுற வேண்டியதில்லை. உயிருள்ள கை ஆடத்தான் செய்யும். ஆடுங் கையை அடக்க முயன்று விசையைச் சட்டென்று இழுப்பதே கேடு.

ஐம்பது வயதைக் கடந்தவனுக்கு இதிலே ஒரு சங்கடமுண்டு. கண்வில்லை தடித்துவிட்டது, நீட்டிய கையின் நுனியிலுள்ள குறி மூக்குக்கண்ணாடியின்றித் துலங்காது, வாசிக்கும் கண்ணாடியிலும் துலங்காது. அத்தூரத்துக்கென்றே அளந்து ஒரு கண்ணாடி செய்வித்தோம். அவ்வாண்டு சரஸ்வதி பூசையன்று இளைய மகள், துப்பாக்கியும் ஆயுதந்தானே, அதனையும் பூசையில் வைப்பதா என்று விளையாட்டாகக் கேட்டாள். "இங்கு வைப்பது பிழைப்புக்கு உதவும் கருவி. அது எவர் பிழைப்புக்கும் உதவியதில்லை" என்றார் மனைவியார். யாம் அந்தக் கண்ணாடியை மட்டும் புத்தகங்களின் ஓரத்திலே வைத்தோம். அவர் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார்.

கண்ணாடி வந்த பின் சூடுகள் சிதறாமல் ஒருங்கே விழலாயின. ஆயின் நடுவிலன்று, இடப்பக்கத்திலே ஆறு சென்ரிமீற்றர் தள்ளியும், பலமுறை கீழேயும் விழுந்தன. குறியைத் திருத்திவிடலாமே என்றோம். முன்னவரின் கண்ணுக்கும் கைக்கும் வைத்த குறி அது. எமக்கு எவ்வாறு பொருந்தும்? பயிற்றுநர் தலையசைத்தார். முந்நூறு ரவை சுடும்வரை தொடலாகாது. கை இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றது. மாறுங் கைக்குக் குறியை மாற்றினால் இரண்டும் என்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும் என்றார்.

பின்னர் அவர் ஒரு காரியஞ் செய்தார். ரவைக்கூட்டைத் தாமே வாங்கி, எமக்குக் காட்டாமல், மெய்யான ரவைகளிடையே மருந்தில்லாப் போலி ரவைகள் சிலவற்றைக் கலந்து நிரப்பித் தந்தார். முதலாவது வெடித்தது. இரண்டாவதிலே குதிரை 'டிக்' என்று விழுந்தது, வெடிக்கவில்லை. வெடியாத அத்துப்பாக்கியின் முனை, யாவருங் காண, நிலத்தை நோக்கிக் குனிந்தது. உதைப்பினால் அன்று; உதைப்பு வருமென்று எமது உடம்பு முன்கூட்டியே ஒடுங்கியதனால். சன்னம் குழாயைக் கடந்து செல்ல ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குகூட ஆவதில்லை. கை உதைப்பை உணருமுன் அது போய்விடும். ஆகவே உதைப்பு எவரையும் கெடுப்பதில்லை. எதிர்பார்ப்பே கெடுக்கின்றது.

புதிதாய்ப் பழகும் யாவருக்கும் இது உண்டு என்றார் பயிற்றுநர். உண்மையே. ஆயின் எம்முடையது அவர்களதினும் பழையது. 1987 ஒக்ரோபரிலே யாழ்ப்பாண நகரத்திற் சண்டை நிகழ்ந்த நாட்களில் யாம் பதுங்குகுழியிற் கிடந்தோம். வெடியோசை கேட்டவுடன் தோள் ஒடுங்கவும் தலை தாழவும் எமது உடம்பு அங்கேதான் பழகிற்று. அப்பழக்கம் அன்று தீங்கன்று; அதனால் உயிர் பிழைத்தார் பலர். முப்பத்தைந்து ஆண்டின் பின், பசும்புற் சரிவிலே, காதுமூடியுங் கண்ணாடியும் அணிந்து நிற்கையிலும் அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. இதனைப் பயிற்றுநருக்கு எம் குறைபட்ட ஜேர்மன் மொழியிற் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியானால் எங்களுக்கு அவசரமில்லை" என்று மட்டுஞ் சொல்லிப் போலி ரவைகளை மேலும் கூட்டி நிரப்பினார்.

அக்குளிர்காலம் முழுவதும் அதுவே பயிற்சி. வீட்டு நிலவறையிலே, ரவை ஒன்றும் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, வெண்சுவரை நோக்கி ஒவ்வொரு மாலையும் இருபது தரம் விசையை அழுத்தினோம். இதன் விசை இரு நிலையானது. முதலிலே எளிதாய் வந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல அழுத்த, எப்போது விழுமென்று அறியாத ஒரு கணத்திலே விழும். அறியாமல் விழுவதே நலம்; அறிந்தால் உடம்பு முந்திக்கொள்ளும். சனிக்கிழமைகளிலே களத்திற் சுட்டோம். போலி ரவை வரும்போது முனை குனிவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஊரிலே வெடி கேட்டபோது சுடுபவர் யார் என்று தெரியாது, எத்திசைக்கென்று தெரியாது, எப்போது ஓயுமென்றும் தெரியாது. இங்கு மூன்றுந் தெரியும். அதிலும், ஓயச் சொல்லி ஒருவர் கட்டளையிட்டால் உடனே ஓயும் என்பதுதான் எம் உடம்பு நம்புவதற்கு மிகுந்த நாள் எடுத்துக்கொண்ட செய்தி.

அச்சம் அறவே தீர்ந்தது என்று எழுதினாற் பொய்யாகும். ஆகஸ்ட் முதலாந் திகதி அந்நாட்டின் தேசிய தினம், இரவெல்லாம் வாணவேடிக்கை. அன்று இன்றைக்கும் யாமும் மனைவியாரும் சன்னற் கதவுகளை அடைத்துவிட்டு வானொலியை உரக்க வைத்துக்கொண்டிருப்போம். களத்து வெடி வேறு, வானவெடி வேறு என்று உடம்பு பிரித்துக்கொண்டது போலும்.

முந்நூறாவது ரவை 2024 பங்குனியிலே முடிந்தது. கீழே விழுந்தவை தாமாகவே மேலேறிவிட்டன. அது எமது ஒடுக்கத்தின் வேலையாயிருந்தது. இடப்பக்க விலகல் மட்டும் அப்படியே இருந்தது. அது குறியின் வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே அப்பெரியவர் எம்மை அத்தனை மாதம் காக்க வைத்தார் என்பது அன்றுதான் விளங்கிற்று. துவக்குத் திருத்துநர் பின்குறியை வலப்பக்கமாகத் தட்டி நகர்த்தினார். எவ்வளவென்று கேட்டால் நகைப்பீர்கள், 0.4 மில்லிமீற்றர், ஒரு நகத்தின் கனம். மரத்தட்டுகளையும் மாற்றித் தரட்டுமா என்றார். வேண்டாமென்றோம். எம் நடுவிரல் இப்போது முன்னவர் தேய்த்த அவ்விடத்திலேயே போய்ப் படிகின்றது, குதிரையும் கடிப்பதில்லை.

அவ்வாண்டுச் சூட்டுவிழாவுக்கு மனைவியார் வந்தார். சங்கத்துப் பெண்கள் கேட்டதற்கிணங்கப் பருப்புவடை நூறு சுட்டுக்கொண்டு வந்தார், அரைமணியில் முடிந்துவிட்டது. சுடுகளத்தின் உட்பக்கம் வரவில்லை. பயிற்றுநர் வடை தின்றுகொண்டே எமது இலக்குத் தாளை அவரிடங் காட்டினார். அவர் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிப் பார்த்து, மடித்துக் கைப்பையினுள் வைத்துக்கொண்டார். எதற்கென்று யாம் கேட்கவில்லை.

அடுத்தபடியாக ஐம்பது மீற்றரிலே பழக வேண்டுமென்று பயிற்றுநர் கூறுகின்றார். இலக்கு அதே அளவினதுதான். ஆதலால் வட்டம் பாதியாய்ச் சிறுத்துத் தோன்றும். கண்ணாடிக்காரரிடம் மறுபடியும் ஒரு நாள் குறித்திருக்கின்றோம்.